மலைவழித் துணை: நாயோடு நடந்த நம் முன்னோர்

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

சென்ற ஆண்டு மழைக்காலம் முடிந்த நாட்களில் ஒரு காலை, மதரஸா வாசலில் நம் மாணவன் ஒருவன் ஒரு நாயின் மீது கல்லெறிந்தான். கல் அதன் பின்னங்காலில் பட்டது. அது அலறிக்கொண்டு மூன்று காலில் ஓடியது. “ஏன் அடித்தாய்?” என்று கேட்டோம். “நாய் நஜீஸ்தானே ஹஜ்ரத்! நீங்கள்தானே ஓதிக் கொடுத்தீர்கள்?” என்றான். ஒன்பது வயதுப் பிள்ளை. பொய் சொல்லவில்லை, குறும்பும் செய்யவில்லை. பாடத்தைச் செயல்படுத்தியதாகவே நினைத்திருந்தான்.

நாம் அப்படி ஓதிக் கொடுத்தது உண்மையே. இருபது ஆண்டுகளாக, சுத்தம் பற்றிய பாடம் வரும்போதெல்லாம், நாய் வாய் வைத்த பாத்திரத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண்ணைக் கொண்டு கழுவ வேண்டும் என்று பிள்ளைகளை மனனம் செய்ய வைத்திருக்கிறோம். சட்டத்தில் பிழையில்லை. ஆனால் அந்தச் சட்டத்தோடு சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டிய எதையோ நாம் சொல்லாமல் விட்டிருக்கிறோம் என்பது அந்த நாயின் அலறலில்தான் விளங்கியது. அது நமக்குத் தெரிந்த நாய் என்பதால் வலி இன்னும் சற்றுக் கூடியது.

நம் ஊர் மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் இருக்கிறது. இரத்தத்தில் சர்க்கரை கூடிவிட்டது, தினமும் ஒரு மணி நேரமாவது நடக்க வேண்டும் என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால், ஸுப்ஹுத் தொழுகைக்குப் பின் மலைப்பாதையில் நடக்கத் தொடங்கினோம். ஏற்றத்தின் தொடக்கத்தில் ஓர் ஆட்டுக்கிடை உண்டு. அங்கிருந்த செவலை நாய் ஒன்று முதல் நாளே நம்மைப் பின்தொடர்ந்தது. சிறு வயதில் நாயைக் கண்டால் உம்மாவின் சேலைக்குள் ஒளிந்தவர்கள் நாம். வளர்ந்த பின்பு அச்சம் போய்விட்டது, அருவருப்பு தங்கிவிட்டது. கைலியைச் சற்றுத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, கையில் கம்புடன் நடந்தோம். கிடைக்காரப் பெரியவர் சிரித்தார். “பயப்படாதீங்க பாய், அது ஒண்ணும் செய்யாது. தனியா போறவங்களக் கண்டா கூடவே போகும், அவ்வளவுதான்” என்றார்.

அவர் சொன்னபடியே அது நடந்துகொண்டது. பத்தடி முன்னால் போகும், வளைவு வந்தால் நின்று திரும்பிப் பார்க்கும். நாம் மூச்சு வாங்கிப் பாறையில் உட்கார்ந்தால் தானும் சற்றுத் தள்ளிப் படுத்துக்கொள்ளும். ஒரு நாளும் மேலே உரசியதில்லை. மனனமான சூராக்களைத் திருப்பி ஓதிக்கொண்டே ஏறுவது நம் வழக்கம். அந்த ஓதலும் அதன் காலடி ஓசையும் சேர்ந்ததே நம் காலைப்பொழுது என்றாயிற்று. இரண்டு மாதம் கழித்து ஒரு நாள் அது வரவில்லை. பாதி ஏற்றத்தில் நாம் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருப்பதை நாமே உணர்ந்தபோது, நம் உள்ளத்தில் நிகழ்ந்திருந்த மாற்றம் நமக்கே வியப்பளித்தது. சற்று வெட்கமாகவும் இருந்தது. ஓர் ஆலிம் நாயை எதிர்பார்த்து நிற்கலாமா?

அந்த நாயின் மீதுதான் நம் மாணவனின் கல் விழுந்தது. எனவே, அவனுக்குச் சொல்லும் முன் நாமே தெரிந்துகொள்ள வேண்டுமென்று, நம் முன்னோர் நாயோடு எவ்வாறு வாழ்ந்தார்கள், நடந்தார்கள் என்பதைத் தேடினோம். தேடிக் கண்டதை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

குகையின் வாசலில்

வெகு தொலைவு போக வேண்டியிருக்கவில்லை. ஜும்ஆ நாள்தோறும் நம் வீடுகளில் ஓதப்படும் ஸூரத்துல் கஹ்ஃபிலேயே அது படுத்திருந்தது. கொடுங்கோல் ஆட்சியிலிருந்து ஈமானைக் காத்துக்கொள்ள ஊரை விட்டு வெளியேறிக் குகையில் ஒதுங்கிய இளைஞர்களின் வரலாற்றை நாம் அறிவோம். அவர்கள் 300 ஆண்டுகளும் அதற்கு மேல் 9 ஆண்டுகளும் உறங்கினார்கள். அவர்களோடு ஒரு நாயும் சென்றது. 18ஆம் வசனம் அது முன்னங்கால்களை நீட்டி வாசலில் கிடந்த கோலத்தைக் காட்டுகிறது. 22ஆம் வசனம் அவர்களின் எண்ணிக்கை பற்றி மக்கள் சொன்ன மூன்று கருத்துகளை எடுத்துரைக்கிறது. மூன்றிலும் கடைசியாக நாய் சேர்த்து எண்ணப்படுகிறது. ஆக, இந்த ஒரு வரலாற்றில் மட்டும் அந்த நாய் நான்கு முறை குறிப்பிடப்படுகிறது. அந்த இளைஞர்களில் ஒருவருடைய பெயரையும் குர்ஆன் சொல்லவில்லை என்பதை இங்கே நினைவில் கொள்ள வேண்டும்.

இமாம் குர்துபி (மறைவு 1273), இமாம் இப்னு கஸீர் (மறைவு 1373) ஆகிய இரு பெரும் விரிவுரையாளர்களும் இந்த இடத்தில் சற்று நின்று பேசுகிறார்கள். நல்லோரின் பரக்கத் அந்த நாயையும் உள்ளடக்கிக்கொண்டது, நல்லோருடன் சேர்ந்திருப்பதன் பயன் இதுவே என்பது அவர்கள் தரும் கருத்தின் சாரம். அதே இப்னு கஸீர் மற்றொன்றையும் சுட்டுகிறார். நாய் இருக்கும் வீட்டில் மலக்குகள் நுழைவதில்லை என்பதால், அது உள்ளே செல்லாமல் வாசலிலேயே கிடந்தது என்கிறார்.

இந்த இரண்டையும் சேர்த்தே வாசிக்க வேண்டும். நாய் குகைக்குள் இல்லை, எல்லை காக்கப்பட்டது. ஆனால் அது விரட்டப்படவும் இல்லை. வாசலில் அதற்கென்று ஓர் இடம் இருந்தது, அந்த இடத்தில் கிடந்தபடியே அது அல்லாஹ்வின் வேதத்தில் நிலைபெற்றது. நாம் பிள்ளைகளுக்கு எல்லையைக் கற்றுக் கொடுத்தோம். வாசலைக் கற்றுக் கொடுக்கவில்லை.

வழிப்போக்கனும் தாகமும்

நாயைப் பற்றிய நபிமொழிகளுள் நாம் அனைவரும் அறிந்த ஒன்று புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. ஒரு மனிதர் வழியில் நடந்து செல்கிறார். கடும் தாகம். ஒரு கிணற்றில் இறங்கி நீர் அருந்திவிட்டு மேலே வருகிறார். அங்கே ஒரு நாய் தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருக்கிறது. சற்று முன் தமக்கு வந்த தாகமே இதற்கும் வந்திருக்கிறது என்று எண்ணி மீண்டும் கிணற்றில் இறங்குகிறார். தம் காலுறையில் நீர் நிரப்பி, வாயால் கவ்விக்கொண்டு ஏறி வந்து அதற்குப் புகட்டுகிறார். அல்லாஹ் அவருடைய பாவங்களை மன்னித்தான். கால்நடைகளுக்குச் செய்வதிலும் கூலி உண்டா என்று ஸஹாபாக்கள் வினவ, உயிருள்ள ஒவ்வொன்றின் விஷயத்திலும் கூலி உண்டு என்று நபி (ஸல்) அவர்கள் விடையளித்தார்கள்.

அந்த மனிதரின் பெயரும் நமக்குச் சொல்லப்படவில்லை. அவர் பெரிய வணக்கசாலி என்றும் சொல்லப்படவில்லை. மண் நக்கும் நாயைப் பார்த்ததும் அவருக்குத் தம் தாகம் நினைவுக்கு வந்தது. அவ்வளவுதான். நடந்து களைத்தவனுக்குத்தான் இன்னோர் உயிரின் களைப்பு உடனே புரிகிறது என்பதை, மலையேறத் தொடங்கிய பிறகே நாம் உணர்ந்தோம். இருபது ஆண்டுகளாக இந்த ஹதீஸைப் பாடமாக நடத்தி வந்திருக்கிறோம், ஆனால் பாறை மீது உட்கார்ந்து நம் தண்ணீர்க் குப்பியைத் திறந்தபோது எதிரே நாக்கைத் தொங்கவிட்டுக் கிடந்த அந்தச் செவலை நாய்தான் இதை நமக்கு விளக்கியது.

சட்டம் சொல்வதும் சொல்லாததும்

இனி சட்டத்திற்கு வருவோம். நாயை முழுவதுமாக ஒதுக்கிவிட வேண்டும் என்று ஷரீஅத் சொல்லவில்லை. வேட்டைக்கும், ஆட்டு மந்தைக்கும், பயிர்க் காவலுக்கும் நாய் வைத்துக்கொள்ள அனுமதி உண்டு என்பது ஸஹீஹான ஹதீஸ்களில் வந்துள்ளது. இத்தகைய தேவை ஏதுமின்றி வைத்திருப்பவரின் நன்மையில் குறைவு ஏற்படும் என்ற எச்சரிக்கையும் அதே ஹதீஸ்களில் இருக்கிறது. இரண்டையும் மறைக்காமல் சொல்வதே நேர்மை.

கொடைக்குப் பெயர்பெற்ற ஹாத்தம் தாயீயின் மகனார் அதீ (ரலி) அவர்கள் வேட்டை நாய்களைப் பற்றி நபி (ஸல்) அவர்களிடம் கேட்ட கேள்விகள் ஹதீஸ் நூல்களில் பல இடங்களில் காணப்படுகின்றன. பழக்கப்பட்ட நாயை அல்லாஹ்வின் பெயர் கூறி அனுப்பினால் அது பிடித்து வருவதை உண்ணலாம் என்பது அவருக்குக் கிடைத்த விடை. அல்மாயிதா சூராவின் 4ஆம் வசனமும் இதையே பேசுகிறது. இமாம் இப்னுல் கய்யிம் (மறைவு 1350) இதிலிருந்து ஓர் அழகிய பாடம் எடுக்கிறார். கற்றுக்கொடுக்கப்பட்ட நாய் பிடித்தது ஹலால், கற்றுக்கொடுக்கப்படாத நாய் பிடித்தது ஹலால் அல்ல. ஆகவே, கல்வி ஒரு நாயின் தகுதியைக்கூட உயர்த்துகிறது என்பது அவர் கருத்து. மதரஸா ஆசிரியர்களாகிய நமக்கு இதைவிடப் பெரிய ஊக்கம் வேறென்ன வேண்டும்?

சுத்தம் பற்றிய சட்டத்தில் இமாம்களிடையே வேறுபாடு உண்டு. நம்மில் பலர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில் நாய் முழுவதும் நஜீஸ். ஈரத்தோடு பட்ட இடத்தை ஏழு முறை கழுவ வேண்டும், அதில் ஒரு முறை மண் கலந்த நீரால். எனினும் இரண்டு பக்கமும் உலர்ந்திருக்கையில் பட்டால் அசுத்தம் ஒட்டாது என்பதும் அதே மத்ஹபின் சட்டமே. ஹனஃபி மத்ஹபில் அதன் எச்சில் அசுத்தம், உடல் தன்னளவில் அசுத்தமன்று. மாலிகி மத்ஹபில் நாய் சுத்தமானது. பாத்திரம் கழுவுவது கட்டளைக்குப் பணிதல் என்ற முறையில் செய்யப்படுவது. நபி (ஸல்) அவர்களின் காலத்தில் மஸ்ஜிதில் நாய்கள் வந்து போய்க்கொண்டிருந்தன, அதற்காக யாரும் நீர் தெளித்ததில்லை என்ற இப்னு உமர் (ரலி) அவர்களின் அறிவிப்பு புகாரியில் உள்ளது. அதை ஒவ்வோர் இமாமும் தம் வழியில் விளங்கிக்கொண்டார்கள்.

நாம் நம் மத்ஹபையே பின்பற்றுகிறோம், பிறரையும் மாறச் சொல்லவில்லை. ஆனால் ஒன்றை உறுதியாகச் சொல்வோம். கழுவுவதைப் பற்றி இத்தனை நுணுக்கமாகப் பேசிய இமாம்களில் எவரும், நஜீஸ் என்பதால் கல்லெறியலாம் என்று சொல்லவில்லை. நஜீஸ் என்பது நம் ஆடைக்கும் தொழுகைக்கும் உரிய சட்டம். அந்த உயிரின் மீது சுமத்தப்பட்ட குற்றம் அன்று.

பஸராவும் பக்தாதும்

நம் அறிஞர்கள் நாயைக் குறித்து எழுதவும் தயங்கவில்லை. பஸராவின் பேரறிஞர் அல்ஜாஹிழ் 9ஆம் நூற்றாண்டில் எழுதிய ‘கிதாபுல் ஹயவான்’ என்னும் விலங்குகள் பற்றிய பெருநூலின் தொடக்கப் பகுதிகளில் ஒரு நீண்ட விவாதம் வருகிறது. நாயின் பக்கம் ஒருவரும் சேவலின் பக்கம் ஒருவரும் நின்று, எது சிறந்தது என்று வாதிடுகிறார்கள். வேடிக்கை போலத் தொடங்கினாலும், படைப்பின் ஒவ்வொன்றிலும் படைத்தவனின் ஞானத்தைக் காண்பதே அந்நூலின் நோக்கம். 921இல் மறைந்த பக்தாத் அறிஞர் இப்னுல் மர்ஸுபான் இன்னும் ஒரு படி மேலே சென்றார். ஆடை அணிந்தவர்களில் பலரைவிட நாய்கள் மேல் என்ற பொருள்படும் தலைப்பிலேயே ஒரு சிறு நூல் எழுதி, நாயின் நன்றியறிதலைப் பற்றிய செய்திகளைத் தொகுத்தார். தம் காலத்து மனிதர்களின் நன்றி மறத்தலைச் சாடுவதற்கு அவர் கையிலெடுத்த கண்ணாடி அது.

ஷைஸர் மலையில் ஒரு தந்தை

இந்தத் தேடலில் நம் உள்ளத்தை மிகவும் தொட்டது, நண்பர் ஒருவர் அனுப்பித் தந்த ‘கிதாபுல் இஃதிபார்’ என்னும் அரபு நூல். இதை உரைத்தவர் உஸாமா இப்னு முன்கிஃத். 1095இல் பிறந்து 1188இல் மறைந்தவர். சிரியாவில் ஹமா நகருக்கு வடமேற்கே, ஆஸி ஆற்றின் மேல் எழுந்து நிற்கும் ஷைஸர் கோட்டை அவருடைய குடும்பத்தாரின் ஆட்சியில் இருந்தது. சிலுவைப் போர்களின் காலம் அது. வீட்டை விட்டு வெளியே போவதே ஆபத்தாக இருந்த நாட்கள்.

உஸாமாவின் தந்தை முர்ஷித், தமக்கு வந்த ஆட்சிப் பொறுப்பை வேண்டாமென்று தம் தம்பிக்கு விட்டுக் கொடுத்தவர். குர்ஆனைத் தம் கையால் பிரதியெடுப்பதும் வேட்டைக்குச் செல்வதுமே அவருடைய வாழ்வாக இருந்தது. ஷைஸரின் தெற்கே உள்ள மலையில் கவுதாரியும் முயலும் தேடிச் செல்வார்கள், மேற்கே ஆற்றோர நாணற்காடுகளுக்கும் செல்வார்கள். குதிரைகள், வல்லூறுகள், நாய்கள், அவற்றைப் பழக்குவோர் என்று ஒரு கூட்டமே புறப்படும். ஒவ்வொருவருக்கும் ஓர் இடம் உண்டு. எவரும் பேசக் கூடாது. கண் தரையை விட்டு அகலக் கூடாது.

இதற்கு முன் நடப்பதுதான் செய்தி. வேட்டைக்குப் புறப்பட்டு ஊரைத் தாண்டியதும் தந்தை தம் பிள்ளைகளைப் பிரிந்து செல்லச் சொல்வார். அன்றைய பங்கை இன்னும் ஓதி முடிக்காதவர்கள் ஓதி முடிக்க வேண்டும். பிள்ளைகள் அனைவரும் குர்ஆனை மனனம் செய்தவர்கள். ஆளுக்கொரு பக்கமாகப் பிரிந்து, தனித்தனியே ஓதிக்கொண்டு செல்வார்கள். வேட்டை நிலம் வந்ததும் அவர்களை அழைத்து, யார் எவ்வளவு ஓதினீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்பார். அதன் பின்னரே வேட்டை.

வேட்டையின் பின்னால் அலைபவன் மறதியில் வீழ்வான் என்று எச்சரிக்கும் நபிமொழி உண்டு. அதை அறிந்திருந்த தந்தை, பிள்ளைகளை மலைக்குப் போகாதே என்று தடுக்கவில்லை. மலைப்பாதையையே ஓதும் இடமாக ஆக்கிக்கொண்டார்.

உஸாமா இதைச் சொன்னபோது அவருக்கு வயது 90ஐ நெருங்கியிருந்தது. 1138இல் அவர் ஷைஸரை விட்டு வெளியேறியிருந்தார். 1157இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் கோட்டை இடிந்து அவருடைய குடும்பத்தார் ஏறக்குறைய அனைவரும் மாண்டுபோனார்கள். வெளியூரில் இருந்ததால் அவர் தப்பினார். கோட்டை போயிற்று, உறவு போயிற்று. தள்ளாத வயதில் நினைவின் ஆழத்திலிருந்து அவர் எடுத்துப் பேசியவற்றில், இந்த மலைப்பாதையும் பிள்ளைகளின் ஓதலும் எவ்வளவு ஓதினாய் என்று கேட்கும் வாப்பாவின் குரலும் இருந்தன. அவருடைய நூலின் ஒரே ஒரு கையெழுத்துப் பிரதி ஸ்பெயினின் எஸ்கோரியல் நூலகத்தில் தப்பிப் பிழைத்து, 1886இல் அச்சேறியது. அதனால்தான் இன்று நாம் அதைப் படிக்க முடிகிறது.

படித்து முடித்த இரவு நமக்கு உறக்கம் வரவில்லை. நாயோடு நடந்துகொண்டே சூராக்களைத் திருப்பி ஓதுவது நம் மார்க்கப் பேணுதலுக்கு ஏதோ குறை என்று உள்ளூர எண்ணியிருந்தோம். ஏறக்குறைய 900 ஆண்டுகளுக்கு முன், குர்ஆனைக் கையால் எழுதிய ஒரு தந்தை தம் பிள்ளைகளை இப்படித்தான் மலைக்கு அழைத்துச் சென்றிருக்கிறார்.

மாணவனுக்கு நாம் சொன்னது

மறு வாரம் அந்த மாணவனையும் இன்னும் சில பிள்ளைகளையும், பெற்றோரின் அனுமதியுடன், ஸுப்ஹுக்குப் பின் மலைப்பாதைக்கு அழைத்துச் சென்றோம். முர்ஷித் செய்தது போலவே பிள்ளைகளை இடைவெளி விட்டு நடக்கச் சொன்னோம். அவரவர் மனனம் செய்த பகுதியை ஓதிக்கொண்டே வர வேண்டும், பாறைக்கு வந்ததும் கணக்குச் சொல்ல வேண்டும். செவலை நாய் இன்னும் சற்று நொண்டிக்கொண்டுதான் இருந்தது. ஆனாலும் வந்தது. கல்லெறிந்தவனைக் கண்டதும் வாலைக் கால்களுக்கிடையே இடுக்கிக்கொண்டு தூர நின்றது. நாம் எதுவும் சொல்லவில்லை. அவனே தலை குனிந்தான்.

பாறை மீது உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னோம். குகை வாசலைச் சொன்னோம், கிணற்றில் இறங்கியவரைச் சொன்னோம். பிறகு சட்டத்தையும் மீண்டும் சொன்னோம். நாயை வீட்டுக்குள் செல்லமாக வளர்க்கச் சொல்லவில்லை. தெரியாத நாயின் அருகில் போகாதே. அது உண்ணும்போதும் குட்டிகளோடு இருக்கும்போதும் எட்டியே நில். கடித்துவிட்டாலோ பிறாண்டிவிட்டாலோ மறைக்காமல் உடனே வீட்டில் சொல், சோப்பும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு மருத்துவரிடம் போய் ஊசி போட்டுக்கொள். ஈரமாகப் பட்டால் ஏழு முறை கழுவு. இவ்வளவும் நம்மைக் காத்துக்கொள்ள. கல்லை மட்டும் எடுக்காதே. அதற்கு எந்தக் கிதாபிலும் அனுமதியில்லை.

“அப்படியென்றால் தண்ணீர் வைக்கலாமா ஹஜ்ரத்?” என்று கேட்டான். பாதையோரம் கிடந்த உடைந்த மண்சட்டி ஒன்றைக் காட்டினோம். அது நாய்க்கென்றே இருக்கட்டும், நம் பாத்திரத்தோடு சேர வேண்டாம் என்றோம். தன் குப்பியிலிருந்த நீரை அவன் சட்டியில் ஊற்றிவிட்டு வந்து உட்கார்ந்தான். நாய் நெடுநேரம் யோசித்தது. பிறகு, அவனைப் பார்த்தபடியே மெல்ல வந்து குடித்தது.

இப்போது நம் மதரஸாவில் சுத்தம் பற்றிய பாடம் வரும்போது, ஏழு முறை கழுவும் சட்டத்தை ஓதிக் கொடுத்த அதே அமர்வில் கிணற்றில் இறங்கிய வழிப்போக்கரின் ஹதீஸையும் ஓதிக் கொடுக்கிறோம். ஒன்றை மட்டும் சொல்லி மற்றதை மறுநாளுக்குத் தள்ளுவதில்லை. இடையில் உள்ள அந்த ஓர் இரவில் எத்தனை கற்கள் பறக்கும் என்று நமக்குத் தெரிந்துவிட்டது. இல்லத்தில் பிள்ளைகளுக்கு மார்க்கம் கற்பிக்கும் தாய்மார்களும் தந்தைமார்களும் இவ்விரண்டையும் சேர்த்தே சொல்லிக் கொடுக்குமாறு அன்புடன் வேண்டுகிறோம்.

எல்லைகளைப் பேணும் பணிவையும், எந்த உயிரையும் இழிவாக எண்ணாத இரக்கத்தையும் அல்லாஹ் நமக்கும் நம் பிள்ளைகளுக்கும் சேர்த்தே தருவானாக. ஆமீன். அல்லாஹ்வே மிக்க அறிந்தவன்.